குணமான எலிக்குப் பாராட்டு விழா

என் அக்கா பூரணியின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் ஓர் எலி குணமானது. எலிக்கு ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வார்டிலிருந்து அரங்கத்துக்குப் போகும் நடைபாதை நடக்க நடக்க வளர்ந்தது. நான் சக்கர நாற்காலியைத் தள்ளினேன். அக்காவின் கைகால்கள் அவள் சொன்னபடி கேட்பதில்லை, தாமாக ஆடும். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆடின. ஆடி ஆடியே போய்ச் சேர்ந்தார்.

மேடையில் எலி உட்கார்ந்திருந்தது. ஆள் உயரம். கழுத்தில் ரோஜா மாலை, தோளில் பொன்னாடை. கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் வாசவி மைக்கைப் பிடித்தார். "மருந்து பிரமாதமா வேலை செய்யுது."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"எங்க அக்காவுக்கு அந்த மருந்து கேக்கலையே டாக்டர்?"

"மருந்து மேல தப்பில்ல. மூளையில ஒரு புரதம் இருக்கு. எலிக்கு அது குட்டை. உங்க குடும்பத்துக்கு ரொம்ப நீளம். மருந்து பிடிக்கிற இடம் உங்க அக்காகிட்ட இல்ல."

"அப்போ எலிக்கு எப்படி வந்துச்சு இந்த நோய்?"

"எலிக்கு இது வராது. நாங்க வர வச்சோம். அப்புறம் குணப்படுத்தினோம்."

மறுபடியும் கைதட்டல்.

"யாரும் வர வைக்காமலே நோய் வந்தவ இங்க உக்காந்திருக்கா!"

என் குரல் கூரை வரை போய் அங்கேயே தங்கிவிட்டது.

"உங்க அக்கா கொஞ்சம் ஒத்துழைக்கணும் சார்."

"எப்படி?"

"கொஞ்சமாவது எலியா இருக்கலாம்."

முன்னாலிருந்த நாற்காலியை உதைத்தேன். நாற்காலி மன்னிப்புக் கேட்டது.

அப்போது அக்கா எலியிடம் ஏதோ கேட்டாள். அவளுக்கு வார்த்தை குழறும். டாக்டருக்குப் புரியவில்லை. எலிக்குப் புரிந்தது.

"கஷ்டமா இருந்துச்சா?"

"ரொம்ப" என்றது எலி. "என்னை யாரும் கேக்கல."

"இனிமே என்ன?"

"விழா முடிஞ்சதும் மூளைய எடுத்துப் பாப்பாங்க. குணமாயிடுச்சான்னு வேற எப்படித் தெரியும்?"

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தூக்குடா அத."

மேடையேறித் தூக்கினேன். படியிறங்குவதற்குள் எலி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அக்காவின் மடியில் விட்டேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அது எங்க எலி!" பின்னாலிருந்து டாக்டர் கத்தினார்.

"இது எங்க நோய்!" நானும் கத்தினேன்.

நடைபாதை இன்னும் நீண்டிருந்தது. வாசல் தெரியவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். எங்கோ நடுவில் என் இடது கை பிடியை விட்டது. தானாக எழுந்து காற்றில் ஆடியது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஆடும் தன் கையால் ஆடும் என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். தவறியது. மறுபடியும் தவறியது. பிடித்ததும் விடவில்லை.

"தள்ளுடா" என்றாள்.

மறு கையால் தள்ளினேன்.