முள்ளில்லாக் கத்தரி

ஏரியின்மேல் இளவெயில் பரவ, தாம்பரம் நோக்கி விரையும் மின்தொடர்வண்டி தொலைவிலிருந்து கூவ, ஓய்வு பெற்ற பெரியோர் நேற்றைய நாளிதழை எண்ணி இன்றும் சினந்தவாறு கரைமீது உலாவ, சிட்லபாக்கம் மெல்ல விழித்தெழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கற்றறிந்த அன்பரே, அவ்வூரின் சிறுவீடொன்றில் உருவியலாளர் இருவர் கணவனும் மனைவியுமாய்க் குடியிருந்தனர். பொத்தேரிக் கல்லூரியில் பயிரியல் கற்பித்த காந்திமதி, செடியின் இலையையும் பூவையும் காயையும் உருவம் நோக்கி ஆய்பவள். மொழியியல் கற்ற துரைராஜோ, சொல்லின் உருவம் நோக்கி அதைப் பகுதியென்றும் விகுதியென்றும் பிரித்துப் பிரித்து, மீண்டும் சேர்க்க மறந்துவிடுபவன்.

முள்ளுக்குப் பெயர்போன நாட்டுக் கத்தரியிலிருந்து, காயின் தலையைக் கவிந்திருக்கும் பச்சைப் பகுதியில் முள்ளே இல்லாத புதுவகையொன்றைக் காந்திமதி பல்லாண்டு முயன்று உருவாக்கியிருந்தாள். உடன்பிறந்த செடிகளெல்லாம் நோயில் மடிய, தொட்டியில் ஒன்றே தப்பி, ஒரே காயை ஈன்றிருந்தது. அதைக் கண்ணாரக் கண்ட பின்னரே முனைவர் பட்டத்துக்கு ஒப்பமிடுவதாகத் தேர்வாளர் ஸ்ரீநிவாசராகவன் கூறியிருந்தார். அவரை நிலையத்தில் எதிர்கொண்டு, கல்லூரியைக் காட்டி, மாலையில் வீட்டுக்கு அழைத்துவரப் புறப்பட்ட காந்திமதி, "ஏங்க, செடியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிச் சென்றாள்.

துரைராஜோ அச்செடியை அருகிலுள்ள முடிச்சூருக்கே கொண்டுபோய்விட்டான். பயிருறுப்புகளுக்கு உழவர் வழங்கும் பெயர்களைத் திரட்டுவது அவனது ஆய்வு. முடிச்சூர் வயல்களிலோ அந்நாளில் பயிருக்கு மாறாக மனையெல்லைக் கற்களே வரிசையாய் முளைத்திருந்தன. காட்டிக் கேட்க ஒரு செடி வேண்டுமே! தொட்டியை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, நிலத்தை விற்று வீடு கட்டியிருந்த கிளியம்மாளிடம் சென்றான். பிரித்தாலன்றி எதுவும் விளங்காது என்பது அவன் கொள்கையாதலால், இலையைக் கிள்ளிக் காட்டிப் பெயர் கேட்டான். பூவைப் பறித்துக் காட்டிப் பெயர் கேட்டான். அவன் கீழே போட்டவற்றைக் கிளியம்மாளின் ஆடு நன்றியோடு தின்றது. இறுதியில் காயைத் திருகிப் பறித்து, அதன் தலைப்பச்சையை விரலால் அழுத்தி, "இதுக்கு என்ன பேரும்மா?" என்றான்.

"அத்த குல்லான்னுவோம் சார். இன்னா, காய கைல வெச்சிகினு கீற? குடு, கொழம்புல போட்டுத் தரேன், துன்னுட்டுப் போ."

புதுச்சொல் கிடைத்த பேருவகையில் அவன் காயைக் கொடுத்தான். குல்லாவோடு குழம்பில் வெந்த அதனைச் சப்புக்கொட்டி உண்டான். வெறுந்தண்டோடு வீடு திரும்பும் வழியில்தான், தான் உண்டது மனைவியின் முனைவர் பட்டம் என்பது அவனுக்கு உறைத்தது.

மாலையில் தேர்வாளர் தண்டைக் கண்டார்; காந்திமதி கணவனைக் கண்டாள். அவன் நடந்ததை ஒளியாமல் உரைத்தான்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்ச வேலைங்க அது" என்றாள் அவள்.

தேர்வாளர் துரைராஜ் பக்கம் திரும்பினார். "காயைக் கடைசியாப் பார்த்தவர் நீங்கதான் சார். குல்லாவில முள் இருந்ததா, இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது நாவின் நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் அவன் நினைவில் அப்பெயரின் ஒலி இருந்ததேயன்றி அப்பொருளின் உருவம் இல்லை. "நான் பேரைத்தான் கேட்டேன் சார். காயைப் பார்க்கலை" என்று தலைகுனிந்தான்.

தேர்வாளர் சற்றே எண்ணமிட்டு, பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். "எந்தக் கையால திருகினீங்க? காட்டுங்க." பயிரை ஆய்வதுபோல் அவ்விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "முள்ளுக் கத்தரியை இப்படித் திருகினவன் கை கீறாமத் தப்பினதே இல்லைம்மா. இது குழந்தைக் கை மாதிரி இருக்கு. தண்டு துளிர்க்கும், காய்ச்சதும் வந்து ஒப்பம் போடறேன். அதுவரைக்கும் இவரைச் செடிகிட்ட விடாதீங்க."

காந்திமதி சிரித்துவிட்டாள், கண்ணீரும் உடன் வந்தது. துரைராஜோ கீறலற்ற தன் விரல்களையே நோக்கியிருந்தான். குத்தியிருந்தால் அக்காயை அப்போதே குனிந்து பார்த்திருப்பான். குத்தாமையால் அன்றோ பாராமலே விழுங்கினான்! நம்மைக் குத்தியவை எல்லாம் நெஞ்சில் நிற்க, குத்தாதிருக்க ஒருவர் நெடுங்காலம் பட்ட பாடு மட்டும் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது, அன்பரே. மணமாகிப் பல்லாண்டு கழிந்த அம்மாலையில்தான் அவன் தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.