பியூலாவுக்காக வைத்த புகைபோக்கி

பியூலா பனிவண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குப் பெட்டியிலிருந்து இறங்கி, தள்ளாடிக்கொண்டே கரையோரம் போய், மத்தியானம் தின்ற ரொட்டியை அப்படியே பனியில் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சொன்னாள்: “இதுதான் கடைசி. இனிமே நான் கேபினுக்கு வரல.”

பனிவண்டியின் எஞ்சினை அணைத்துக்கொண்டிருந்த ஹெட்லிக்கு முதலில் விஷயம் மண்டையில் ஏறவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக, விரிகுடா உறைந்து கெட்டியான நாளிலிருந்து அது உடைகிற நாள் வரை, வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் காட்டுக்குள் இருக்கும் கேபினுக்குப் போவார்கள். ஞாயிறு திரும்புவார்கள். அன்றும் அப்படித் திரும்பி வந்ததுதான். கனடாவின் லாப்ரடார் கரையில் ஒருவன் தனியாகக் கேபினுக்குப் போகிறான் என்றால் ஒன்று அவன் மனைவி செத்திருக்க வேண்டும், இல்லை அவனை விட்டுப் போயிருக்க வேண்டும். ஊர் அப்படித்தான் பேசும்.

“என்னாச்சு இப்போ?” என்றான்.

“புகை! மூணு மணி நேரம் உன் வண்டிப் புகையக் குடிச்சுக்கிட்டே வந்திருக்கேன். தலை வெடிக்குது. நீ முன்னாடி ஜம்முனு உக்காந்து வர்றே, உனக்கென்ன?”

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வண்டியின் புகைக்குழாய் முன்பக்கம் வயிற்றுக்கு அடியில் முடிகிறது. வண்டி வேகமெடுத்ததும் புகை அடியோடு தவழ்ந்து போய், பின்னால் கட்டி இழுக்கிற மரச் சறுக்கின் பெட்டிக்குள் புகுந்துகொள்ளும். குளிருக்காக மேலே கித்தான் போர்த்தியிருப்பதால் வெளியே போக வழி கிடையாது. எண்ணெய் கலந்த புகை வேறு.

ஹெட்லி எப்படிப்பட்டவன் என்றால், பெண்டாட்டி கண் கலங்கினால்கூட ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவன். ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது. ஆனால் பழுதுபார்ப்பான். கட்டிய நாளிலிருந்து அவளுக்காக அவன் பழுதுபார்த்த சாமான்களை வரிசையாக வைத்தால் துறைமுகம் வரை நீளும். அவள் இல்லாத கேபினை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றே கொட்டகைக்குள் போய்ப் பானெட்டைத் திறந்தான்.

முதலில் குழாயின் வாயைத் தரையைப் பார்த்து வளைத்தான். புகையைப் பனி குடித்துவிடும் என்பது அவன் கணக்கு. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது, உறைந்த துறைமுகத்துக்கு நடுவில் குவிந்திருந்த பனியில் வண்டி ஏறியது. குழாய்க்குள் பனி ஆப்பு மாதிரி இறுகி, எஞ்சின் மூச்சுமுட்டி நின்றுவிட்டது. ஊரே பார்க்க, பக்கத்து வீட்டு கார்லண்ட்தான் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தான்.

“கீழ போற புகைய இன்னும் கீழ அனுப்பினா எப்படிடா? மேல அனுப்புடா மடையா,” என்றான் கார்லண்ட், சும்மா கிண்டலுக்கு.

ஹெட்லி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த தன் மீன்படகுக்குப் போய், அதன் பழைய புகைக்குழாயைக் கழற்றி வந்தான். சைலன்ஸரின் வாயில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாய்த் துண்டை வெல்டிங் வைத்து, அங்கிருந்து படகுக் குழாயை நேராக மேலே ஏற்றினான். பானெட்டில் குழாய்க்குச் சரியாக ஓட்டை போட்டான். பத்து நிமிடம் எஞ்சின் ஓடியதும் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி ஒழுகியது. பெரிய ஓட்டையாக வெட்டி, பழைய அடுப்பிலிருந்து அறுத்த தகரத்தை வளையமாகப் பதித்து, குழாய்க்கு வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றினான். அடுத்து, குழாயின் முனை சரியாக அவன் மூக்குக்கு நேரே நின்றது. ஓட்டிப் பார்த்துவிட்டுக் கறுத்த முகத்தோடு திரும்பி வந்து இன்னும் இரண்டடி ஏற்றினான். குழாய் ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி கட்டினான். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்தபோது கையில் இரண்டு கொப்புளம், புருவத்தில் பாதி காணோம்.

கார்லண்ட் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “டேய் ஹெட்லி, இது வண்டியா, ரொட்டி சுடுற அடுப்பா?”

“புகை மேல போகும். பின்னால ஒரு பொட்டு வராது.”

“உச்சியில ஒரு விளக்க மாட்டிரு. கப்பல்காரனுக்காவது உதவும்.”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பியூலா சிரிக்கவில்லை. ஹெட்லி அவள் முகத்தையே பார்த்தான். வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டிய பையன் மாதிரி இருந்தது அவன் நிலைமை.

“வந்து உக்காந்து பாரேன், கண்ணு. விரிகுடாவ ஒரே ஒரு சுத்து.”

“நீ உக்காந்து பாரு.”

“நான் உக்காந்தா யாரு ஓட்டுறது?”

கார்லண்ட் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். “என்னை விட்ரு சாமி. இதை ஓட்டிக்கிட்டுப் போறதை என் மாமியார் பாத்தா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா.”

பியூலா உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். “நகரு. நான் ஓட்டுறேன்.”

“உனக்கு ஓட்ட வருமா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பதினாறு வயசுல எங்கப்பா நரி பிடிக்க வச்ச பொறி வரிசை நாப்பது மைலையும் தனியா ஓட்டிப் பாத்தவ நான். ஈஸ்டர் பந்தயத்துல உன்னைத் தோக்கடிச்சதும் மறந்துபோச்சா?”

மறந்துதான் போயிருந்தது. அந்தப் பந்தயத்தில் தோற்ற கையோடுதான் முதன்முதலில் அவளைத் தேடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தான். அப்படிப்பட்ட விஷயத்தைக்கூட மனிதன் மறப்பானா என்று கேட்டால், மறப்பான்.

ஹெட்லி பெட்டிக்குள் இறங்கி, கால் நீட்டி, கித்தானை மார்பு வரை இழுத்துக்கொண்டான். வண்டி கிளம்பியது. புகை குழாயிலிருந்து எழுந்து, அவன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் நீலமாகக் கலைந்து போனது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். குளிரும் ஊசியிலை மரத்தின் வாசனையும்தான். “பாத்தியா!” என்று கத்தினான்.

அவளுக்குக் கேட்கவில்லை.

விரிகுடாவைச் சுற்றித் திரும்பவேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. நேராகக் கேபின் பாதையைப் பிடித்தாள். ஹெட்லி மறுபடி கத்தினான். பனிமேடு ஒவ்வொன்றிலும் பெட்டி எகிறி விழுந்தது. முதுகெலும்பு பல்லில் வந்து இடித்தது. முன்னால் பார்த்தால் அவள் முதுகு, வேறொன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் மரங்கள் ஓடின, அதைப் பார் என்று காட்ட ஆளில்லை. அரை மணி நேரத்தில் அவனுக்குச் சலித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கு முட்டியது. பெட்டியின் பக்கப் பலகையை முஷ்டியால் குத்தினான். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள், பிறகு போய்க்கொண்டே இருந்தாள்.

அந்தத் தட்டலை அவன் கேட்டிருக்கிறான். வழியில் எத்தனையோ தடவை பின்னாலிருந்து அது வந்திருக்கிறது. விறகு உருள்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கித்தானுக்குள் அவனுக்கு வியர்த்தது. அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது கண்ணில் பட்டது. அந்த வண்டி இருக்கை இரண்டு பேருக்கானது. பின்பாதியில் அவனுடைய கருவிப்பெட்டி இரண்டு போல்ட் போட்டு இறுக்கி உட்கார்ந்திருந்தது. மூத்த மகள் பிறந்த குளிர்காலத்தில் பியூலா கைக்குழந்தையோடு பின்னால் பெட்டிக்குப் போனாள். அடுத்த மகளும் பிறந்தாள். காலியாக இருந்த இடத்தில் அவன் கருவிகளை வைத்தான். வண்டி மாறியபோதெல்லாம் கருவிப்பெட்டியும் அதே இடத்துக்கு மாறியது. மகள்கள் இருவரும் கூஸ் பே நகரத்துக்கு வேலைக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. பியூலா மட்டும் விறகோடும் சாமானோடும் பெட்டியிலேயே இருந்துவிட்டாள்.

கேபின் வாசலில் வண்டி நின்றது. ஹெட்லி முதலில் மரத்துக்குப் பின்னால் ஓடினான். திரும்பி வந்தபோது, பியூலா கன்னம் சிவந்து, தொப்பி நழுவி, சின்னப் பெண்ணைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“புகை வந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்ல. துளி வரல.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

ஹெட்லி மீசையில் உறைந்திருந்த பனியைப் பிய்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், “நான் உன்னைப் பெட்டியில ஏறச் சொல்லவே இல்லையே பியூலா,” என்றான்.

“இல்லதான். இறங்குன்னும் சொல்லலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

உள்ளே அடுப்பை மூட்டி, டப்பாவில் மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள். தங்குவதற்குச் சாப்பாடு எடுத்து வரவில்லை, வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். பியூலா கோப்பைகளைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, ஹெட்லி வண்டிப் பக்கத்தில் மண்டியிட்டுத் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“இப்ப எதைக் கழட்டுறே, மனுஷா?”

போல்ட் கழன்றது. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மரப்பெட்டிக்குள் போட்டு, கித்தானால் மூடினான். இருக்கையின் பின்பாதியைக் கையுறையால் துடைத்தான்.

பியூலா அவனையும் பார்த்தாள், வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற குழாயையும் பார்த்தாள். “அப்போ பாதிப் புருவத்தைப் பொசுக்கிக்கிட்டு இதை எதுக்குய்யா வச்சே?”

“ஸ்பானருக்குத் தலைவலி வரக்கூடாதுல்ல,” என்றான்.

அவள் சிரித்தாள். ஒரு வாரமாக அவன் காத்திருந்த சிரிப்பு அது. சிரித்து முடித்தவள் அவனை முந்திக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். “ஓட்டுறது நான்தான். தகராறு பண்ணாத.”

ஹெட்லி தகராறு பண்ணவில்லை. பின்னால் ஏறி, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வண்டி வழியிலிருந்த ஏரியைக் கடக்கும்வரை அவள் வாய் ஓயவில்லை. பெரிய மகளுக்கு அந்தப் பையன் சரிப்படமாட்டான் என்றாள், கரையோரம் நரித்தடம் பார் என்றாள், கார்லண்டின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லி அவளே சிரித்தாள். காற்றில் பாதி போய்விட்டது. மிச்சத்தைக் கேட்க அவன் தாடையை அவள் தோளில் வைத்துக்கொண்டான்.

“அடுத்த வெள்ளிக்கிழமை சீக்கிரமாவே கிளம்பிரணும்,” என்றாள்.

“வர்றியா?”

“நான் வராம வண்டிய யாரு ஓட்டுறது?”

ஹெட்லிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. காற்று என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றே அடிக்கவில்லை.