போய்ச் சேராத பதிவு

மருத்துவமனை நர்ஸ்கள் கையில் வைத்திருந்த பாம்டாப் என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவள் லவினா. படுக்கையருகே நின்று நோயாளியின் விவரங்களை அதில் குறித்துக்கொண்டு, வார்டு கம்ப்யூட்டரின் ஒயரைச் செருகினால் எல்லாம் சர்வருக்குப் போகும். ஆபரேஷன் தியேட்டரில் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

2002 ஜூலையில், அனுப்ப ரொம்ப நேரம் ஆகிறது, எரர் வந்தால் பயமாக இருக்கிறது என்று நர்ஸ்கள் குறைபட்டார்கள். லவினாவின் மேனேஜர் நரேஷ் வழி சொன்னார்.

"பத்து செகண்டுல திரையில கோடு நிறையட்டும். 'முடிந்தது'ன்னு காட்டிடு. பின்னாடி அது பாட்டுக்குப் போகட்டும்."

"போகலைன்னா சார்?"

"எல்லாம் போகும்."

லவினா அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை, லிங்கராஜபுரம் ஆபீஸில் உட்கார்ந்து சர்வரைப் பார்த்தாள். டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு பதிவுகூட ஏறவில்லை.

வார்டுக்கு போன் போட்டாள். என்கேஜ்டு. தியேட்டரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நரேஷ், "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார். ஆட்டோ பிடித்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது.

"கூட்ஸ் வண்டிம்மா, ஸ்வல்ப டைம் ஆகும்" என்றார் டிரைவர், கன்னடம் கலந்து.

மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடி பெட்டிகளை வெறித்தாள். கடைசிப் பெட்டி கடந்ததும் இறங்கி, கேட்டுக்கடியில் குனிந்து ஓடினாள்.

வார்டில் ஹெட் நர்ஸ் அல்போன்சா நின்றிருந்தார்.

"சிஸ்டர், காலையில போட்டது எதுவுமே போகலை. ஆபரேஷனுக்கு யாராவது போயிருக்காங்களா?"

"எல்லாம் போச்சும்மா. 'முடிந்தது'ன்னு என் கண்ணால பார்த்தேனே."

"அது பொய் சிஸ்டர். நான்தான் அப்படிக் காட்டச் சொல்லி எழுதினேன்."

அல்போன்சாவின் முகம் வெளுத்தது. "ஏழாம் பெட் எல்லம்மா தியேட்டருக்குப் போயிட்டாங்க… பென்சிலின் ஒத்துக்காதுன்னு காலையிலதான் போட்டேன்."

இருவரும் தியேட்டருக்கு ஓடினார்கள். பென்சிலின் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். எல்லம்மாவின் முகம் வீங்கி, மூச்சு விசிலடித்தது. டாக்டர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், கதவு சாத்தப்பட்டது. லவினா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லம்மாவின் மகள் ரூபினி அருகில் வந்து உட்கார்ந்து, "எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

லவினா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ரூபினி எழுந்து, வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

மூன்றாம் நாள்தான் எல்லம்மா கண் திறந்தாள். பழியை டிஸ்க் மேல் போடச் சொன்னார் நரேஷ். திரையில் காட்டியது பொய் என்றே லவினா அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அல்போன்சாவிடம் போனாள். "போகலைன்னா திரையில என்ன சொல்லணும் சிஸ்டர்?"

"போகலைன்னு சொல்லு. நாங்க என்ன செய்யணும்னும் சொல்லு."

லவினா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்: 'விவரம் போகவில்லை. தியேட்டருக்கு உடனே போன் செய்யவும்.'

அல்போன்சா கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தரம் படித்தார்.

"எழுத்து இன்னும் பெரிசா இருக்கட்டும்" என்றார்.