பதின்மூன்றாம் பெட்டி

கப்பல் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி முதல் பெட்டியின் மூடியைத் திறந்தார். அதை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே காளான்கள் எல்லாம் குடை விரித்து, பழுப்பேறி, பிசுபிசுத்துக் கிடந்தன. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதைத் திறக்கும்போதே அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுடைய மூன்று காளான் கொட்டகைகளில் ஒன்றை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. பறித்த நாலாம் நாளே குடை விரிந்துவிடும் சரக்கைப் பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் விற்று எத்தனை நாள் ஓட்டுவது? இந்தக் கப்பல் கம்பெனி வாங்கினால் மிச்ச இரண்டும் பிழைக்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவற்றுக்கும் பூட்டுத்தான். கப்பல் கரை தொடாமல் பத்து நாள் ஓடும். அதனால் அதிகாரி வரிசையாக எண் போட்ட நாற்பது பெட்டிகளை வாங்கித் தன் குளிர் அறையில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, சரியாகப் பத்தாம் நாள் இவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

"கதிர் காட்டினா பத்து நாள் தாங்கும்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான் சார்," என்றாள் தங்கை.

தங்கையை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதிர்வீச்சு ஆலையில் அளவு பார்ப்பது அவள் வேலை. காப்பிக்குச் சர்க்கரை போட்டால்கூட அளந்துதான் போடுவாள் என்பது அக்காவின் கிண்டல். அந்த ஆலையில் ஆள் நீளத்துக்குத் தடித்த கான்கிரீட் சுவர், அதற்குள் ஓர் அறை, அறைக்குள் ஆழமான தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் அடியில் கோபால்ட் குச்சிகள். குச்சிகளை மேலே தூக்கினால் காமா கதிர் பாயும். சுற்றிவரும் பெட்டிகளை அது ஊடுருவிப் போகும். கெடுக்கிற கிருமி சாகும், காளான் வளர்வது நின்று குடை மூடியபடியே இருக்கும். பொருளில் கதிர் ஒட்டிக்கொள்ளாது. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா என்ன?

இதையெல்லாம் அவள் அக்காவிடம் நூறு தடவை சொல்லியிருந்தாள். தங்கை சொல்கிறாளே என்று அக்காவும் துணிந்து இறங்கினாள். ஆனால் கதிர் காட்டிய ஒரு காளானைக்கூட அவள் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

"எடுத்துட்டுப் போங்கம்மா," என்றார் அதிகாரி. "மிச்சத்தத் திறந்து என் அறைய நாறடிக்க வேண்டாம்."

அக்கா தலையைக் குனிந்தபடி முதல் பெட்டியைத் தூக்கப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு மீட்டரால் நிற்க முடியவில்லை. தப்பு எங்கே? பையிலிருந்த கோப்பை எடுத்து, கதிர் காட்டிய அன்றைய தாளைப் புரட்டினாள். 'நாற்பது பெட்டி' என்று அவள் கையெழுத்து. அதன் கீழே, உள்ளே போன பெட்டிகளை எண்ணும் கருவி அச்சடித்துத் தந்த துண்டுச் சீட்டு. இருபத்தெட்டு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று காலை முதல் பன்னிரண்டு பெட்டிகள் வந்தபோது, உள்ளே மருத்துவமனைக்குப் போகும் ஊசிகள் சுற்றிக்கொண்டிருந்தன. காத்திருக்கட்டும் என்று, மஞ்சள் பொட்டு ஒட்டிய பெட்டிகளை ஜன்னலோரம் அடுக்கினாள். கதிர் பட்டால் அந்தப் பொட்டு சிவக்கும். கடும் வெயில் பட்டாலும் சிவந்து தொலைக்கும். 'பொட்டை நம்பாதே, எண்ணிக்கையைப் பார்' என்று சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பன்னிரண்டும் சிவப்பு. தூக்கி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், வேலை முடிந்த சரக்கோடு தன் கையாலேயே வைத்துவிட்டாள். பிறகு வந்த இருபத்தெட்டும் உள்ளே போய் வந்தபின், சீட்டைப் பார்க்காமலே நாற்பது என்று எழுதியும்விட்டாள்.

சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் அக்காவின் கொட்டகைக்கு. அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். தப்பு என்னோடது. ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் உள்ளயே போகல. வெயில்ல பொட்டு சிவந்ததப் பாத்து ஏமாந்துட்டேன்."

அதிகாரி சிரித்தார். "கெட்டுப்போனதும் கதை வருது பாரு!"

"கதை இல்ல சார். எல்லாப் பெட்டியும் உங்க பூட்டுக்குள்ளதான் இருந்துச்சு. பன்னெண்டு வரைக்கும் கெட்டிருக்கும். பதின்மூணுலேருந்து ஒரே ஒரு குடை விரிஞ்சிருந்தாலும் நான் இந்த வேலைய விட்டுடறேன்."

"அடியே, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருடி," என்று அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரிக்கு இப்போது ஆவல் வந்துவிட்டது. வரிசை எல்லாம் பார்க்காமல் பன்னிரண்டை இழுத்துத் திறந்தார். பழுப்பு. ஒன்பது. பழுப்பு. பிறகு பதின்மூன்று.

வெள்ளை வெளேரென்று, சட்டைப் பொத்தான்கள் மாதிரி கெட்டியாக மூடிய காளான்கள். அவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தார். உடனே பதினான்கைத் திறந்தார். அப்புறம் இருபத்தொன்று, முப்பது, நாற்பது. கடைசியில் அவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திறந்து போட்டார். ஒரு பக்கம் பன்னிரண்டு நாற்றம், மறுபக்கம் இருபத்தெட்டு வெள்ளை. மீட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாற்பதும் நல்லா இருந்திருந்தா, எல்லாம் என் குளிர் அறையோட வேலைன்னு நெனச்சிருப்பேன்," என்றார் அதிகாரி. பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க சாப்பிடுவீங்களா இத?"

அக்கா பதின்மூன்றாம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து, நறுக்கென்று கடித்து மென்று விழுங்கினாள். இன்னொன்றும் எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாயோ சிரித்தது.

மீட்டர் அங்கிருந்தபடியே ஆலை மேலாளருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் ஒப்பித்தாள். அந்தப் பக்கம் நல்ல வசவு விழுந்தது. கடைசியில், "நாளைக்கு வந்ததும் மொத வேலையா அந்த ஜன்னல அடைக்கிற, புரியுதா?" என்று கேட்டது. நாளைக்கும் வரச் சொல்கிறார்! அவள் போனை வைத்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தாள்.

"வாரம் நூறு பெட்டி," என்றார் அதிகாரி, தாளில் எழுதிக்கொண்டே. "கூடவே கதிர் காட்டாத ஒரு பெட்டியும் வேணும், தனியா எழுதி ஒட்டி. என் சமையல்காரங்களும் என்ன மாதிரிதான், கண்ணால பாக்காம நம்ப மாட்டாங்க."

"அதப் பத்திக் கவலையே படாதீங்க சார்," என்றாள் அக்கா, தங்கையின் தோளில் கைபோட்டபடி. "அந்த வேலையில இவ கை தேர்ந்தவ."