திரும்பி வந்த ஓவியம்

வான்மதி இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த ஓவியம் அது. கொட்டுகிற மழையில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ். தோழி ஜூலியட் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் புதுவீடு வாங்கியபோது அதைப் பரிசாகக் கொடுத்தாள். ஒரே வாரத்தில், சுற்றிக் கொடுத்த அதே கிஃப்ட் பேப்பரோடு அது திரும்பி வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க வான்மதி, எங்க லிவிங் ரூம் கலருக்கு செட் ஆகல."

வான்மதிக்கு முகம் சுண்டிப்போனது. பார்சலை அப்படியே கராஜில் போட்டாள். பிரஷ்ஷைத் தொடவே வெறுப்பாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் நியூயார்க் மியூசியம் ஒன்றில் ஆள் உயரத்துக்கும் மேலான நான்கு ஓவியங்கள் முன் நின்றாள். வரைந்தவர் ஃப்ராகொனார், பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர். கையுறை செய்பவரின் மகன், பூஷே என்ற பெரிய ஓவியரிடம் தொழில் பழகியவர் என்றது போனில் ஓடிய விளக்கம். மன்னரின் காதலி தன் மாளிகைக்கென்று கேட்டு வாங்கி, பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். பல வருடம் தன்னிடமே வைத்திருந்தவர், கடைசியில் சொந்த ஊரில் உறவினர் வீட்டுச் சுவரில் மாட்டினாராம்.

"இவருக்கே இந்த கதியா!" என்றாள் கணவன் இளமாறனிடம். அன்று மாலையே கராஜிலிருந்த பார்சலை எடுத்தாள்; அவள் ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. மழை பஸ் அவள் வீட்டு ஹால் சுவரில் ஏறியது.

ஆளுக்கொரு பதார்த்தத்தோடு கூடும் தீபாவளி பாட்லக்குக்கு அங்கே வந்த ஜூலியட், தட்டோடு ஓவியத்தின் முன் நின்றுவிட்டாள்.

"செமையா இருக்கே! எங்க லிவிங் ரூமுக்கு இந்த மாதிரிதான் தேடிட்டு இருக்கோம். எங்க வாங்குனீங்க?"

வான்மதி வாயிலிருந்த வடையை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"உங்க வீட்லேர்ந்துதான்."