நூறு தடவை நனைந்த கிடாய்

1984 கோடையில் செங்கோட்டையன் பண்ணையில் ஆயிரத்து இருநூறு கோழிக்குஞ்சுகளில் இருநூற்று அறுபத்து நான்கு வெள்ளைக் கழிச்சல் நோயில் செத்துப்போயின. குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்கள் முதலாளிக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான் ஆனது. பாவாயி பார்த்துக்கொண்ட ஷெட்டில் அறுநூற்றுக்கு இருநூற்று நான்கு போயிருந்தது. அங்கம்மாள் ஷெட்டில் அறுநூற்றுக்கு அறுபதுதான். போதாததற்குப் பாவாயி வீட்டில் நாட்டுக்கோழி வேறு வளர்த்தாள். விசாரணை முடிந்தது.

“உன்ற ஊட்டுக் கோழிச் சீக்கக் காலுல ஒட்டிக்கிட்டு வந்துட்ட. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்” என்றார் செங்கோட்டையன்.

“என்ற கோழியெல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்குதுங்க. வந்து பாருங்க” என்றாள் பாவாயி.

யார் போய்ப் பார்ப்பது? அவள் புருஷன் போர் போடும் ரிக் வண்டியில் ஆந்திராவுக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சீக்கு கொண்டுவருகிறவள் என்று ஓர் இடத்தில் பேர் வந்துவிட்டால், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அவளைப் படலைத் தாண்டி உள்ளே விடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கிறிஸ்துராஜ், கிறிஸ்தவன், ஊர்வாயில் ‘வேதக்காரன்’. அந்தப் பண்ணையின் கிளார்க். சேலத்தில் புள்ளியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். படித்த திமிர் சும்மா இருக்குமா? அன்று மத்தியானமே செத்த குஞ்சுகளின் கணக்கை எடுத்து ஓர் அட்டவணை போட்டேன். ஷெட்டுக்கு ஆறு தடுப்பு, தடுப்புக்கு நூறு குஞ்சு. அந்தச் சீக்கு வராமலிருக்க எல்லாவற்றுக்கும் முன்பே ஒரே நாளில் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தோம். காலையில் ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். எந்தத் தடுப்புக்கு எந்தப் பாட்டில் என்று என் கைப்படவே எழுதியிருந்தேன்.

காலைப் பாட்டில் அறுநூறு குஞ்சுக்குப் போனது. அதில் செத்தது இருபத்து நான்கு. சாயங்காலப் பாட்டிலும் அறுநூற்றுக்குத்தான். அதில் செத்தது இருநூற்று நாற்பது. பாவாயி ஷெட்டில் ஐந்து தடுப்புக்குச் சாயங்கால மருந்து, அங்கம்மாள் ஷெட்டில் ஒரே ஒரு தடுப்புக்கு. சாயங்கால மருந்து வாங்கிய குஞ்சு பாவாயி கையில் இருந்தாலும் நூற்றுக்கு நாற்பது செத்தது, அங்கம்மாள் கையில் இருந்தாலும் நூற்றுக்கு நாற்பதே செத்தது. காலை மருந்துக்கு இரண்டு பேரிடமும் நூற்றுக்கு நான்கு. பாவாயிக்கும் அந்தச் சாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழி முழுக்கச் சாயங்காலப் பாட்டிலுடையது.

அந்தப் பாட்டில் யார் பொறுப்பில் இருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. என் பொறுப்பில் இருந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை நாமக்கல்லிலிருந்து கொண்டுவந்தவன் நான். மருந்து விட்ட அன்று மத்தியான வெயிலில் அந்த ஐஸை எடுத்து நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்தவனும் நானே. இரண்டு டம்ளர். மருந்து நாலு மணி வரைக்கும் வெந்துகொண்டு கிடந்தது; சூடு பட்டால் அது வெறும் தண்ணீர்.

அட்டவணையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சேலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் ஃபாதரிடமே சில்லறைப் பாவங்களை மட்டும் சொல்லிவிட்டு, பெரியவற்றைப் பதுக்கிக்கொண்டு வருகிற ஆள் நான்.

பாவாயி விடவில்லை. “ஆத்தா மேல ஆணையாச் சொல்றனுங்க. வேணும்னா ஆத்தாளையே கேட்டுப்போடுங்க” என்றாள்.

மாரியம்மனைக் கேட்பது என்றால் கிடாயைக் கேட்பது. அந்தப் பக்கத்தில் கிடாய் வெட்டும் முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது. துலுக்குவது என்று சொல்வார்கள். துலுக்குகிற வரைக்கும் விடாமல் தெளிப்பார்கள் என்பதால், எனக்குத் தெரிந்து எந்தச் சாமியும் கறி வேண்டாமென்று சொன்னதில்லை.

செங்கோட்டையன் இந்த விஷயத்தில் கறாரானவர். “மூணே மூணு தடவ தெளிப்போம். ரெண்டு தடவையாவது துலுக்கோணும். இல்லீன்னா நீ நடையக் கட்டோணும்” என்றார். பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயிலில்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம்! மூன்று தடவையில் குறைந்தது இரண்டு. பாடப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி ஈருறுப்புப் பரவல் கணக்கு. ஒரு தடவை தெளித்தால் துலுக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் தெரிந்தால் போதும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயும் ஆபீசுக்குப் பின்னால்தான் கட்டியிருந்தது. தினம் பத்து தடவை தண்ணீர் தெளித்து எழுதிவைத்தேன். முதுகில் ஐந்து, காதில் ஐந்து; பத்து நாளில் இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. முதுகில் தெளித்ததற்கு இருபது தடவை துலுக்கியது. காதில் விட்டதற்கு நாற்பத்தைந்து தடவை.

முதுகு என்றால் பாவாயி தப்பிக்க நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வாய்ப்பு. காது என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! பாவாயி தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன், உண்மையை யாரும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பூசாரி பச்சமுத்துவிடம் ஒரு தட்டு முட்டையைக் கொடுத்து, தண்ணீரைக் காதில் விடச் சொன்னேன்.

“ரெண்டு தட்டாக் குடுங்க, ரெண்டு காதுலயும் உடறேன்” என்றார் அவர். கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருந்தது. பாவாயி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சமுத்து முதல் தடவை விட்டார். கிடாய் சடசடவென்று துலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் மனசுக்குள் மார்க் போட்டேன். இரண்டாவது தடவை விட்டார். கிடாய் என்னைப் பார்த்தது. தெரிந்த முகம்தானே, அசைபோட ஆரம்பித்தது. மூன்றாவது தடவைக்குக் காதை ஒரு முறை மடக்கி நிமிர்த்தியது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் விட்டுத் துலுக்காத அந்த ஐந்து தடவையும் கடைசி நாளில் வந்தவை. மொத்தம் போட்டுக் கூட்டுகிற அவசரத்தில் அதை நான் பார்க்கவே இல்லை. கிடாய்க்குத் தண்ணீர் பழகிவிட்டது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கணக்கின் முதல் நிபந்தனை. பரீட்சையில் அடிக்கோடிட்டு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

“ஆத்தா சொல்லிப்போட்டா” என்றார் செங்கோட்டையன். பாவாயி அழவில்லை. சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் வழி இருக்கிறதா என்று பார்த்தாள். என்னை மாதிரி ஓர் அயோக்கியன் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று தோன்றியது.

“அவ மேல தப்பில்லைங்க. நான்தான்” என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஐஸ், சர்பத், அட்டவணை, கிடாயின் காது, தொண்ணூற்றேழு, பூசாரிக்குக் கொடுத்த முட்டை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பச்சமுத்து வானத்தைப் பார்த்தார்.

அங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “நூறு தடவ தண்ணி ஊத்துனா கெடா என்னுங்க, நானே பழகிக்குவேன்.”

செங்கோட்டையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “வேதக்காரன் வாயிலிருந்தே ஆத்தா உண்மைய வாங்கிப்போட்டா, பாத்தீங்களா!”

துலுக்கியிருந்தால் பாவாயி நல்லவள் என்று ஆத்தா சொன்னதாக ஆகியிருக்கும். துலுக்காததால் என்னைப் பிடித்துக் கொடுத்ததாக ஆயிற்று. எந்தக் கட்டத்தில் விழுந்தாலும் ஜெயிக்கிற ஆளோடு என் படிப்பு எப்படி மோதும்? ஆத்தாளுக்கு நன்றி சொல்லிப் பச்சமுத்து மறுபடி ஒரு கை தண்ணீரை முதுகில் தெளித்தார். கிடாய் தலையிலிருந்து வால்வரை துலுக்கியது. அதோடு அதன் கதை முடிந்தது.

“பாவாயி, மருந்துப் பொறுப்பு இனி உன்றது” என்றார் முதலாளி. என்னைப் பார்த்து, “கறிச்சோறு தின்னுட்டுச் சாயங்கால பஸ்ஸுல ஊரு போய்ச் சேரு சாமி” என்றார்.

பந்தியில் உட்கார்ந்தேன். பாவாயிதான் குழம்பு வாளியோடு வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள்.

“ஏனுங்க, நூத்துக்குத் தொண்ணூத்தேழு பொழச்சுக்குவேன்னு கணக்குப் போட்டீங்களே. அந்த மிச்சம் மூணு வந்தா நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னு எந்தக் காயிதத்துலீங்க எழுதி வெச்சிருந்தீங்க?”

அவள் கறி போடாமல் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். பிசைந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.