அதே அலுமினியம்தான்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தின் ஓரத்திலிருந்து கிடைத்தது. சரியாகச் சொன்னால், அந்த ஓரத்தை வெட்டி எறிந்தபோது கிடைத்தது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். டைரி, காலண்டர் சீசனில் ராகுகாலமும் எமகண்டமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போகும். சீசன் இல்லாத மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கல்லூரிக் கருத்தரங்க மலர். 2009இல் அப்படி ஒரு மலர் வந்தது. அட்டையில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பக்கத்தில் பட்டாசு ஆலை முதலாளி, நடுவில் சால்வை. இடது ஓரத்தில் மூன்றாவதாக ஒருவர். முழங்கைவரை வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் கை. பாதி முகம்தான் படத்துக்குள் விழுந்திருந்தது.

கல்லூரியிலிருந்து போன் வந்தது. “அந்த ஓரத்து ஆள எடுத்துருங்க மேடம். அட்டை எடுப்பா இருக்காது.”

டிசைன் பார்க்கும் காளிராஜ் எடுத்துவிட்டான். அவனுக்கு அது வேலையே இல்லை.

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. அவருக்கு ஆண்டிச்சாமி என்று பெயர் வைத்தது நான். இந்தக் கதையில் அவரைக் கொல்லப்போவதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ‘ஏமாத்திட்டா பாவி’ என்று யாரும் என்னை வையக் கூடாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘தாயில்பட்டியில் பொழுது விடியுமுன் கம்பெனி வேனின் ஹாரன்…’

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றாலே எல்லாரும் அந்த ஹாரனைத்தான் அடிக்கிறோம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இரண்டாம் முயற்சி: ‘ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாகப் போட்டால், அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமன்…’

இதுவும் வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிறமாதிரி இருக்கிறது.

மூன்றாவது பரவாயில்லை: தில்லியில், ஏ.சி. போட்ட ஓர் அறையில் நின்றுகொண்டு, புகழேந்தி தன் மச்சான் பார்க்கும் வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான்.

புகழேந்தி விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். மச்சான் என்பது அக்கா செல்லத்தாயின் புருஷன் ஆண்டிச்சாமி. காசிராஜன் என்பவரின் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். தம்பியைப் படிக்கவைத்தது அந்த இரண்டு பேரின் கைகள்தாம். அந்த வருடங்களில் நானோ என்று தலைப்பில் ஒரு சொல் இருந்தால் போதும், ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது. புகழேந்தியின் திட்டம் நியாயமானது. இரும்புக் குண்டுகள் உருளும் ஓர் எந்திரத்தில் அலுமினியப் பவுடரை நானோ அளவுக்கு அரைப்பது. அதைப் பட்டாசில் போட்டால் பாதி மருந்திலேயே அதே சத்தம் வரும், புகையும் பாதியாகும்.

பணம் ஒதுக்கும் குழுவில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். “அலுமினியப் பவுடர் கடையிலேயே கிடைக்கிறதே. அதை இன்னும் கொஞ்சம் அரைப்பதற்கு அரசாங்கம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?”

புகழேந்தி யோசிக்கவே இல்லை. “அந்த அளவுக்குச் சிறுத்துவிட்டால் அது பழைய அலுமினியமே இல்லை, ஐயா. பெயர் மட்டும்தான் அது. ஒரு சின்னப் பொறி போதும், தீப்பிடித்துக்கொள்ளும். புதுப் பொருளாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.”

பெரியவர் தலையாட்டினார். பணம் வந்ததே அந்த ஒரு பதிலுக்குத்தான்.

3

இந்தப் புகழேந்தியை என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அவனைப் பேராசைக்காரனாக எழுதினேன். கார் வாங்க வைத்தேன், வாய் கூசாமல் பொய் பேச வைத்தேன். ஒட்டவில்லை, கிழித்துப் போட்டேன். பிறகு உத்தமனாக எழுதினேன். அது அதைவிடக் கேவலமாக வந்தது. உள்ளதைச் சொன்னால், மச்சான் கையாளும் மருந்து பாதியானால் ஆபத்தும் பாதியாகும் என்று அவன் மனசார நம்பினான். கூடவே, தன் பெயர் போட்ட ஓர் ஆய்வகமும் வேண்டும் என்று நினைத்தான். இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. எனக்கென்னவோ கெட்டவர்களைவிட இப்படிப்பட்டவர்கள்மேல்தான் பயம் அதிகம்.

பணம் வந்த வாரம் தாயில்பட்டிக்குப் போனான். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

“நானோவா? அந்த ஒரு லட்ச ரூவா காரா மாப்ளே?” என்றார் ஆண்டிச்சாமி.

“காரு இல்ல மச்சான். பவுடரு. கண்ணுக்கே தெரியாத பொடி.”

“கண்ணுக்குத் தெரியாததுக்கா கவுருமெண்டுல இம்புட்டுத் துட்டு குடுக்கான்?”

செல்லத்தாய் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நாமளுந்தான் இம்புட்டு வருசமா எவன் கண்ணுக்கும் தெரியாம கெடக்கோம். நமக்கு ஒருத்தனும் குடுக்கலயே!”

மூவரும் சிரித்தார்கள். இந்தக் கதையில் சிரிப்பு இங்கே மட்டும்தான் இருக்கிறது. வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, நடுவில் போடுகிறேன்: பட்டாசு ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடியும்போது மருந்து அறையில் ஒரு சிட்டிகைகூட மிச்சம் இருக்கக் கூடாது. கலந்த மருந்து மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். கலக்காத பவுடர் மிஞ்சினால் அதனதன் டிரம்முக்குத் திரும்பிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தால் உயிர் பிழைத்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். ஆண்டிச்சாமி இதில் ஒரு நாளும் தவறியதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விளக்க எனக்குத் தெம்பு இருக்காது.]

4

முதல் கட்டம் ஆய்வகத்தில் நன்றாகவே போனது. இரண்டாம் கட்டப் பணம் பெரிது, அதற்கு நிபந்தனையும் இருந்தது. ‘உங்கள் பொடி ஆலையில் வேலை செய்யுமா? அங்கே செய்து காட்டுங்கள்.’ அதுவும் மார்ச் முடிவதற்குள்.

காசிராஜன் இடம் கொடுத்தார். ஆய்வகத்தில் அரைத்த பவுடரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியில் கல்லூரிப் பெயர் ஒட்டி, புகழேந்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தான், தானேதான் கலந்தான். மச்சானைக் கிட்டவே விடவில்லை. “தள்ளியே நில்லுங்க மச்சான்” என்று அதட்டக்கூடச் செய்தான். திடலில் வைத்து வெடித்துப் பார்த்தார்கள்.

“சத்தம் அம்புட்டும் இருக்கு, புகை பாதிகூட இல்லயே சார்!” என்றார் காசிராஜன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப மருந்த முழுசாப் போட்டா எம்புட்டுச் சத்தம் வரும்?” என்றார்.

 கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்காமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

வாசலில் புகைப்படக்காரர் நின்றார். சால்வை பிரிக்கப்பட்டது. அப்போது ஆண்டிச்சாமி டப்பாவோடு வந்தார். தன் வழக்கமான வேலையிலிருந்து பாதியில் வந்திருந்ததால் முழங்கைவரை கை அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியாக இருந்தது.

“மாப்ளே, இந்த மிச்சப் பவுடர என்ன செய்ய? ரூம்ல போட்டு வைக்க மாட்டேன், பாத்துக்கோங்க.”

“சார், வெளிச்சம் போகுது, வாங்க” என்று புகைப்படக்காரர் கூப்பிட்டார்.

புகழேந்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “அதே அலுமினியம்தான் மச்சான். கொஞ்சம் பொடிசு, அம்புட்டுத்தான். வாங்க, நீங்களும் வந்து நில்லுங்க படத்துக்கு.”

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ‘பயப்படாதீங்க, சும்மா கையில வச்சிருங்க, போகும்போது நான் வாங்கிக்கிறேன்’ என்பதுதான் அவன் மனசில் இருந்தது. வாயில் வந்ததோ வேறு. ஆண்டிச்சாமி வந்து ஓரத்தில் நின்றார். அதுதான் நான் பார்த்த படம். படம் முடிந்ததும் காசிராஜன் அவனைக் காரில் ஏற்றிச் சாப்பிடக் கூட்டிப்போனார். டப்பாவின் ஞாபகம் புகழேந்திக்கு அடியோடு போய்விட்டது.

சாயங்காலம் ஆண்டிச்சாமி அறையை ஒழித்தார். கலக்காத பவுடர், அதுவும் அலுமினியம்தான் என்று படித்தவரே சொல்லியாயிற்று. அலுமினியப் பவுடர் டிரம்மில் தட்டிக் கொட்டினார். டப்பாவைத் துடைத்து, மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குக் கொண்டுபோனார்.

6

ஐந்து எங்கே என்று தேடாதீர்கள். அதில் விபத்தை எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பேப்பரில் ஒரே வாக்கியத்தை வருடக்கணக்காக அச்சிடுகிறார்கள்: ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக.’ அதைவிட நன்றாக எழுத எனக்கு வரவில்லை. நன்றாக எழுதவும் கூசியது.

ஆனால் ஒன்று, அவரைக் காப்பாற்ற நான் முட்டிமோதிப் பார்த்தேன். மழை பெய்ய வைத்தேன். மேகம் கறுத்தால் மருந்து கலக்க மாட்டார்களே! மூன்று பத்தி கொட்டு கொட்டென்று கொட்டியது. நாலாவது பத்தியில் வெயில் அடித்துவிட்டது. பிறகு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு லீவு விட்டேன். பொங்கல் முடிந்ததும் மனுஷன் குளித்து, திருநீறு பூசி, முதல் வேனில் வந்து நின்றார். ஆர்டர் கிடக்கிறதே, என்ன செய்வார்?

கடைசியாக இப்படித் தொடங்கினேன்: ‘விருதுநகர் பஸ்ஸில் பாதி வழியில் புகழேந்திக்கு டப்பாவின் ஞாபகம் வந்தது. அவசரமாக இறங்கி…’

இறங்கவில்லை. மடியில் சால்வை இருந்தது. மனசு முழுக்க இரண்டாம் கட்டம் இருந்தது. டப்பாவுக்கு அங்கே இடமே இல்லை. பொங்கல் கழித்து வந்த அந்தக் காலையில் ஆண்டிச்சாமி எப்போதும் சலிக்கிறமாதிரியேதான் அந்த டிரம்மின் பவுடரைச் சலித்தார். அவர் தப்பாக ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

7

விசாரணைக்கு வந்தவர்களிடம் காசிராஜன், “நல்ல மனுசன்தான். என்னமோ அன்னிக்கு அவசரப்பட்டுட்டாரு” என்றார். அந்த வார்த்தை ஆலையிலிருந்து டீக்கடைக்கு வந்தபோது, ‘பொங்கல் போதை தெளியாமப் போயிருப்பான்’ என்று ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற நாளில் ஆண்டிச்சாமி வெற்றிலைகூடப் போட மாட்டார். செல்லத்தாய் அதை யாரிடமெல்லாம் போய்ச் சொல்வாள்?

புகழேந்தியும் வெறும் உராய்வு என்றுதான் நம்பியிருந்தான். [இங்கே ஒரு வாசகர் ‘நிஜமாவா?’ என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு ஓரத்தில் அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கும். அதைக் கிளறிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.]

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். மறுநாள் அவன் தில்லிக்கு ரயில் ஏற வேண்டும். காசிராஜன் ஆலையில் சோதனை வெற்றி என்று சொல்லி, இரண்டாம் கட்டம் கேட்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று யாரோ சொல்ல, அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தாள்.

மூடியில் கல்லூரிப் பெயர் ஒட்டியிருந்தது.

“ஒன் டப்பாதான்டா. அவுக தொடச்சுக் கொண்டாந்தாக, ஒங்கிட்டக் குடுக்கச் சொல்லி. நான்தான் மறந்து உப்பப் போட்டு வச்சிட்டேன்.”

புகழேந்தி நிமிர்ந்து பார்த்தான். “உள்ள இருந்த பவுடரு?”

“அத அன்னைக்கே டிரம்முல கொட்டிட்டாகளாம். மிச்சம் வைக்கக் கூடாதுல்ல. எல்லாம் ஒரே அலுமினியம்தான்னு மாப்ள சொல்லுச்சு, ஒரு வேல மிச்சம்னு சொன்னாக.”

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

செல்லத்தாய் அவன் எதிரிலேயே நின்றாள். “தம்பி, நீ படிச்சவன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஊரே அவுகளக் குடிகாரன்னு பேசுது. மொதலாளி அவசரக்காரன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவுக கைத்தப்பு செய்யிற ஆளாடா? எப்பவும் போடுறதத்தான போட்டாக? எப்பவும் சலிக்கிறமாதிரிதான சலிச்சாக? சொல்லு. அது அதே அலுமினியம்தான?”

8

இதற்கு மேல் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் ‘ஆமாக்கா’ என்கிறான். ரயில் ஏறுகிறான். பணம் வருகிறது, ஆய்வகம் எழும்புகிறது. அதில் மச்சானின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டுகிறான். அந்த ஓரத்துப் படத்தைத்தான். ஊரில் ஆண்டிச்சாமி கடைசிவரை குடிகாரர்.

இன்னொன்றில் ‘இல்லக்கா’ என்கிறான். தில்லியில் சொன்னதை முதல்முறையாகத் தமிழில் சொல்கிறான். மச்சான் மேல் இருந்த பழி இறங்குகிறது. இறங்கி அவன் மேல் ஏறுகிறது. அக்காவுக்குப் புருஷனின் பெயர் திரும்பக் கிடைக்கிறது, தம்பி போய்விடுகிறான்.

முதலாவதை எழுதி முடித்ததும் எனக்குக் கை கழுவத் தோன்றியது. இரண்டாவதில், செல்லத்தாயின் முகத்தை எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நகரவில்லை. இந்தக் கேள்விக்கான பதில் தில்லியில் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது. தாயில்பட்டியில் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். இதுவரை என்னால் அவனைப் பேசவைக்க முடிந்தது. இப்போது மாட்டேன் என்கிறான், நானும் அவனை உலுக்கிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் கூடவேதான் இருந்தீர்கள். தில்லியில் அவன் சொன்னதையும் கேட்டீர்கள், ஆலை வாசலில் சொன்னதையும் கேட்டீர்கள். அந்த அக்கா உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறாள்.

அவளுக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.